சும்மா நிற்காதவள்

கேமராவைக் கடை மேசைமேல் வைத்ததுமே அந்தப் பெண் சொன்னாள்: "லென்ஸ்ல கோளாறுண்ணா. கை நடுங்கினாலும் படம் தெளிவா விழும்னு சொல்லித்தான் வித்தாங்க. என் பொண்ணு முகம் சரியாவே விழல."

கடைக்காரர் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நாற்காலி, ஜன்னல் கம்பி, திரைச்சீலைப் பூ எல்லாம் துல்லியமாக இருந்தன. நடுவில் ஓடிய குழந்தை மட்டும் புகைபோலக் கலைந்திருந்தாள்.

"லென்ஸ் நல்லாத்தான் இருக்கு மேடம். அது உங்க கை ஆட்டத்தைத்தான் சரிபண்ணும். எதிர்ல இருக்கிற ஆள் ஆடினா அது என்ன பண்ணும்? வாண்டு ஒரு நிமிஷம் சும்மா நிக்காது போல."

"நிக்கவே மாட்டா."

கடைசிப் படத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. கழுத்துவரை வெள்ளைப் போர்வை. மூடிய கண்களின் இமைமுடியைக்கூட எண்ணிவிடலாம்.

"இதோ, எவ்வளவு கச்சிதமா விழுந்திருக்கு. தூங்கும்போது எடுத்தீங்களா?"

அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"தூக்கம் இல்லண்ணா. ஆஸ்பத்திரியில, பிள்ளைய எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னப்புறம் எடுத்தது. அன்னிக்கு என் கை நடுங்கின நடுக்கத்துக்கு, அது தெளிவா விழுந்திருக்கவே கூடாது."

கடைக்காரர் கேமராவை இரு கைகளாலும் அவளிடம் நீட்டினார்.

அவள் கேமராவை வாங்கி, கலங்கிய படங்களை மறுபடி பார்த்தாள்.

"அப்போ இதெல்லாம் கோளாறு இல்லயா? அவ ஓடினதுதானா?"

"ஆமாம்மா."

அவள் வெகுநேரம் தேடி, இருப்பதிலேயே அதிகமாகக் கலைந்திருந்த ஒரு படத்தை அவரிடம் நீட்டினாள்.

"இதைப் பெரிசா பிரிண்ட் போட்டுக் குடுங்கண்ணா."