மடியில் மல்லாந்த முயல்

கல்யாணமாகி மூன்றாம் மாதம், "பகல்ல தனியா இருக்கியே, துணைக்கு இருக்கட்டும்" என்று தயாளன் அந்த முயல்குட்டியை வாங்கி வந்தான். தூக்கினால் உதைத்தது. நித்திலாவின் முன்கையெல்லாம் நகக்கீறல். ஒரு நாள் பிடி நழுவி அவள் மடியில் மல்லாந்து விழுந்தது. விழுந்ததும் அடங்கிப்போனது. கண் திறந்தபடி, கால்கள் தளர்ந்து, பஞ்சு மாதிரி கிடந்தது. அதன்பின் தினமும் அதை அப்படியே படுக்கவைத்து வயிற்றைத் தடவினாள். வாழ வந்த அந்த ஊரில் வேறு யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் அதனிடம் சொன்னாள்.

முயலுக்கு நகம் வெட்டக் கொண்டுபோன கால்நடை மருத்துவமனையில் பெருமையாகச் சொன்னாள்: "இப்ப நல்லா பழகிடுச்சு டாக்டர். மல்லாத்திப் போட்டா சத்தமே இல்ல."

டாக்டரம்மா நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அது பழகினது இல்லம்மா. தப்பிக்க வழியில்லன்னா முயல் செத்த மாதிரி கிடக்கும். இனிமே தூக்காதீங்க. தரையில உக்காருங்க. அதுவா வரட்டும்."

அன்றிலிருந்து கொத்தமல்லித் தழையோடு தரையில் உட்கார்ந்தாள். ஒன்பதாம் நாள் மாலை, முயல் தானாகக் கூண்டை விட்டு வந்து அவள் விரல்களை முகர்ந்தது. மீசை பட்டுக் கூசியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

வாசலில் தயாளன் போனில் அவன் அம்மாவிடம் பேசிக்கொண்டே பூட்டில் சாவியை நுழைத்தான்.

"அவளுக்கென்னம்மா, நல்லா பழகிட்டா. இப்பல்லாம் சத்தமே இல்ல."

முயல் ஓடிப்போய்க் கூண்டுக்குள் புகுந்துகொண்டது. நித்திலா தழையை நீட்டிய கையோடு, கண் திறந்தபடி, அப்படியே இருந்தாள்.