காவிரி பார்த்த வீடு

ஸ்ரீரங்கத்தில் பழைய வீடொன்றை இடித்துக் கட்டிய அடுக்ககத்தில் நம்பியும் வசுந்தராவும் வாடகைக்குக் குடிவந்தார்கள். "காவேரி பார்த்த வீடு" என்று வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆறு குளியலறை ஜன்னலில் மட்டும் தெரிந்தது, அதுவும் வெறும் மணலாக. வேறு வீடு பார்க்கும்வரை பேசமாட்டேன் என்று வசுந்தரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில், நம்பி உடம்பெல்லாம் சோப்போடு நின்றபோது எதிர்வீட்டு ஜெயசீலன் குளியலறைக் கதவைத் தட்டினார். "சார், ஆத்துல தண்ணி வந்துருச்சாம்! உங்க ஜன்னல்லதான் தெரியும். கொஞ்சம் வெளிய வாங்களேன்." நம்பி துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வர, அடுக்ககமே உள்ளே நுழைந்தது. ஒருவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினார். மாடி வீட்டு அம்மாள் ஜன்னல் கம்பியில் பூச்செருகிக் கும்பிட்டாள். நம்பியின் மேல் சோப்பு காய்ந்து தோலை இழுத்தது. கடைசி ஆளும் போனதும் அவன் உள்ளே போகப் பார்த்தான். அதற்குள் வசுந்தரா முந்திக்கொண்டு புகுந்து தாழ்ப்பாள் போட்டாள்.

"வசு, ஆபீசுக்கு நேரமாச்சு."

"இருங்க," என்றாள் உள்ளேயிருந்து. "தண்ணி இன்னும் படித்துறையத் தொடல."