கேலி முறை

எதிர்க்கட்சித் தலைவர் ஃபாமுசா தியாராவைக் கைது செய்ய வந்த கேப்டனின் சட்டையில் ‘த்ராவோரே’ என்ற குடும்பப் பெயரைப் பார்த்ததும், தியாராவின் மனைவி நசீரா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். மேற்கு ஆப்பிரிக்காவின் அந்த மண்ணில் தியாராக்களும் த்ராவோரேக்களும் கேலி முறை. ஒருவரையொருவர் எவ்வளவு வைதாலும் கோபிக்கக் கூடாது.

“யாரு, மொச்சை தின்னிக் குடும்பமா? பின்வாசல் வழியா வாடா, எங்க வீட்டு வேலைக்காரா!”

கேப்டன் தயங்கினான். பிறகு, “உங்க வீட்டுக்காரர் மிச்சம் வெச்சாத்தானே அக்கா, எங்களுக்கு மொச்சை!” என்றான்.

தியாரா வாய்விட்டுச் சிரித்தார். கேப்டனும் சிரித்தான், கைவிலங்கு அவன் விரலில் ஆடியது. போன முறை தியாரா சிறையிலிருந்து திரும்பியபோது, மகளுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. இந்தச் சிரிப்பு அடங்கினால் அடுத்து என்ன நடக்கும் என்று மூவருக்கும் தெரியும். நசீரா அவசரமாக இன்னொரு கேலியைத் தேடினாள்.