கடைசி வரிசைக் குரல்

"போதும்யா, தீப்பெட்டிப் பாட்டப் பாடு."

கடைசி வரிசை இருட்டிலிருந்து அந்தக் குரல் இன்றும் வந்தது. பாடகர் முகத்தைச் சுளித்தார். போன ஊரிலும் இதே குரல்தான். அதற்கு முந்தின ஊரிலும் இதேதான்.

தீப்பெட்டி, அவர் முன்பு இருந்த ராக் குழுவின் பிரபலமான பாட்டு. அவர் இப்போது தனிப் பாடகர். குழு உடைந்தபோது, "குழுவோட பாட்டு ஒண்ணைக்கூட இனிமே தொடமாட்டேன், என் பாட்டு என்னைக் காப்பாத்தும்" என்று பேட்டியெல்லாம் கொடுத்துவிட்டு வந்தவர். பாவம், அவருடைய சொந்தப் பாட்டுகளுக்குத் தங்களையே காப்பாற்றிக்கொள்ளத் தெரியவில்லை.

மேடையில் ஒரு நாற்காலி, ஒரு மைக். குழுவினரை அறிமுகப்படுத்தும் பழக்கம் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. "கிட்டார், நான். பாட்டு, நானேதான். டிரம்ஸ், என் செருப்பு" என்று காலால் தரையைத் தட்டிக் காட்டினார்.

யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். மற்ற முகங்களில் செல்போன் வெளிச்சம். முன் வரிசையில் ஒரு ஜோடி, பஸ் வந்துவிட்டதைப் போல எழுந்து போனது.

அவர் குனிந்து கிட்டாரின் தடித்த தந்தியைத் தளர்த்தினார். பிறகு பாட ஆரம்பிக்காமல் இருட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"காது கேக்கலையா? தீப்பெட்டி."

மேடை ஓரத்திலிருந்து மைக்செட்காரர் எட்டிப் பார்த்தார். "சார், ம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்தாள அலாக்காத் தூக்கி வாசல்ல வச்சிட்டு வந்துடறேன்."

"வேணாம்பா. வந்திருக்கறதே நாலு தலை. அதுல ஒண்ணக் குறைக்கணுமா?"

"பாடுய்யா. வேணும்னா கால்ல விழறேன்" என்றது இருட்டு.

இப்போது சிரிப்பு நிறையவே வந்தது. "பாடுங்க சார்" என்று ஒரு பெண் சொன்னாள். அவள் பக்கத்திலிருந்தவர் கை தட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள்.

"உங்க தொல்லை தாங்கலப்பா" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, அவர் தந்தியை மீட்டினார்.

செல்போன்கள் பைக்குள் போயின. முன்பு கூட்டாளிகள் சேர்ந்து பாடிய இடங்களில், முகம் தெரியாதவர்கள் சேர்ந்து பாடினார்கள். ஒருவருக்கும் சுருதி சேரவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. அது சுருதியால் அல்ல.

நிகழ்ச்சி முடிந்து, ஒப்பனை அறையில் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மைக்செட்காரர் ஓர் ஆளைச் சட்டைக் காலரோடு பிடித்து இழுத்து வந்தார்.

"ஆளப் பிடிச்சிட்டேன் சார். ஊர் ஊரா வந்து உங்க மானத்த வாங்கறது இவர்தான். கேட்டா வாயே திறக்க மாட்டேங்கறாரு."

ஆள் நடுத்தர வயது. காலரைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமியபடி தரையைப் பார்த்து நின்றார்.

"நான் பேசிக்கறேன். நீ போய் ஒயரைச் சுருட்டு."

"கையக் கிய்ய நீட்டிடாதீங்க சார், வம்பாயிடும்" என்று சொல்லிவிட்டு மைக்செட்காரர் போனார்.

பாடகர் கதவைச் சாத்தித் தாழிட்டார். காலடிச் சத்தம் தேய்ந்து மறையும்வரை காத்திருந்தார்.

"நாளைக்கு ரெண்டாவது பாட்டுலயே கத்திடுங்க, அத்தான். மேடையில தனியா உக்கார முடியல."