டமால் இல்லாத ராக்கெட்

தியேட்டர் ஆபரேட்டர் சூசையின் வலது கையை அவன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

கல்யாணத்தன்றைக்குப் பிறகு அந்தக் கையை இன்னொருவர் இப்படிப் பிடிப்பது இதுதான் முதல் தடவை.

கேபினின் சின்னக் கண்ணாடிக்கு அப்பால், திரையில், ராக்கெட் வெடித்துக்கொண்டிருந்தது.

சத்தமே இல்லாமல்.

"விடுங்க தம்பி. சவுண்டு போயிருச்சு."

"போகலண்ணே. நான் வைக்கவே இல்ல."

படத்துக்கு ஒலி அமைத்தவன் அவன்தான். ராக்கெட் போகும் ஆகாயத்தில் காற்று கிடையாது, காற்றில்லாத இடத்தில் சத்தமும் கிடையாது. இதைச் சொல்லித்தான் தயாரிப்பாளர் குழந்தைவேலுவோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினான்.

"நீ அங்க போய் நின்னு கேட்டுட்டு வந்தியாய்யா?" என்பார் அவர்.

கடைசியில் ஒரு பந்தயம். திண்டுக்கல், முதல் நாள், காலைக் காட்சி. சனம் உட்கார்ந்து பார்த்தால் மௌனம் நிற்கும். எழுந்து போனால் மதியக் காட்சியிலேயே வெடிச் சத்தம் ஏறிவிடும்.

வெடி தயாராக இருந்தது. கல்குவாரியில் பதிவு செய்தது. பதிவு செய்த அன்றிலிருந்து அந்த ஊர் நாய்கள் குரைப்பதையே விட்டுவிட்டதாகப் பேச்சு.

கீழே விசில் கிளம்பியது.

"யோவ் ஆபரேட்டரு, தூங்கிட்டியா?"

சூசையின் கை யாரையும் கேட்டு வேலை செய்வதில்லை. விசில் காதில் விழுந்தால் தானாகப் போய் ஒலிக் குமிழைத் திருகும். இப்போதும் இழுத்தது.

அவன் விடவில்லை.

அடுத்து வருவது தலைக்கவசத்துக்குள் நாயகியின் மூச்சு. அதற்குள் காற்று உண்டு. அதனால் அந்த மூச்சை மட்டும் வைத்திருந்தான், பூனை நடை போல. குமிழ் திரும்பினால் அது எருமை மூச்சாகிவிடும்.

ஒரு செருப்பு திரையை நோக்கிப் பறந்தது.

பின்வரிசையில் நான்கு பேர் எழுந்துவிட்டார்கள்.

ராக்கெட்டின் மறுபாதி வெடித்தது.

முன்வரிசையில் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. வாயாலேயே கொடுத்தான்.

"டமால்."

எழுந்த நான்கு பேரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள்.

அடுத்த துண்டு வெடித்தபோது அரங்கமே சேர்ந்து கொடுத்தது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது. கல்குவாரி தோற்றது.

பிறகு, நாயகி மட்டும் இருட்டில் மிதந்தாள்.

மூச்சு.

யாரும் இருமக்கூட இல்லை.

சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்தான். மறு கை சூசையின் மணிக்கட்டிலேயே இருந்தது.

பால்கனியிலிருந்து குழந்தைவேலு.

"ஏய்யா, வைக்கவே மாட்டேன்னு அந்தச் சண்ட போட்ட. இப்ப வெடிச் சத்தம் எங்கருந்து வந்துச்சு?"

"ஆகாயத்துலதாண்ணே காத்து இல்ல. திண்டுக்கல்லுல இருக்கு."

மறுமுனையில் குழந்தைவேலு சிரித்துவிட்டார்.

"சரி. மதியத்துக்கும் இதுவே ஓடட்டும்."

திரையில் எதிரியின் விண்கப்பல் விரிசல் விட்டது.

சூசையின் கை துள்ளியது. அவன் பிடியை இறுக்கினான்.

அப்புறம்தான் கவனித்தான். கை குமிழின் பக்கம் போகவில்லை. குவிந்து, வாயின் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

விட்டுவிட்டான்.