ஊன்றாத கால்

"அத்தை, மறுபடியும் கால ஊனி நடந்தீங்களா?"

தோள்பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள் மருமகள். காலையில் தொட்டி நிறையப் போட்டுவிட்டுப் போன பாத்திரங்கள் எல்லாம் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தன.

"சத்தியமா கட்டில விட்டு இறங்கலம்மா," என்றாள் மாமியார்.

"அப்போ பேய் வந்து கழுவிச்சா?"

பஸ் படியில் விழுந்ததில் மாமியாருக்கு முழங்கால் குருத்தெலும்பு பெயர்ந்துவிட்டது. டாக்டர் அவள் மூட்டிலிருந்தே கொஞ்சம் செல்களை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, பள்ளம் விழுந்த இடத்தில் திரும்பவும் வைத்துத் தைத்திருந்தார்.

"நட்ட நாத்து மாதிரிம்மா. வேர் பிடிக்கறதுக்குள்ள மிதிச்சா அத்தனையும் பாழ். அப்புறம் காலத்துக்கும் நேரா நடக்க முடியாது," என்று மருமகளிடம்தான் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து அவள் தினமும் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று மாமியாரிடம் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

கூடத்து நாற்காலியிலிருந்து மாமனார் இடி முழங்கினார். கைக்கெட்டும் தூரத்துத் தண்ணீரைக்கூட யாராவது ஊற்றிக் கொடுத்தால்தான் குடிக்கிற மகாராஜா அவர்.

"நல்லா கேளும்மா! வீம்பு பிடிச்சவ. சொன்ன பேச்சக் கேட்டுட்டா அவ அவளா?"

மாமியார் தலையைக் குனிந்து போர்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டோமே என்று மருமகளுக்குப் பாவமாகிவிட்டது.

மறுநாள் சோப்பையும் தேய்க்கும் நாரையும் அலமாரியின் உச்சித் தட்டில் ஒளித்துவைத்துவிட்டு வேலைக்குப் போனாள். இரண்டு காலும் நன்றாக இருந்தபோதே மாமியாருக்கு எட்டாத உயரம். சாயங்காலம் வந்து பார்த்தால் பாத்திரம் மட்டுமல்ல, தரையும் துடைத்திருந்தது.

பதறிப்போய் மாமியாரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஸ்கேனுக்கு அழைத்துப் போனாள்.

"பிரமாதமா ஒட்டியிருக்கு!" என்றார் டாக்டர். "சொன்னபடி காலத் தரையிலயே வைக்கல போலிருக்கே?"

மருமகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு, பின்பக்கமாக வந்து சமையலறை ஜன்னலோரம் நின்றாள். உள்ளே படுக்கையறையிலிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"அடிப்பிடிச்ச சட்டிய நல்லா தேய்ங்க. அவ பாத்துட்டா உங்க மானம் கப்பலேறிடும்."

முழங்கை வரை சோப்பு நுரையோடு தொட்டியருகே நின்ற மாமனார் திரும்பிப் பார்த்து அதட்டினார்.

"அவ வந்தா வழக்கம்போல நான் உன்னத் திட்டறேன், நீ வழக்கம்போல தலையக் குனிஞ்சுக்கோ. அன்னிக்கு மாதிரி தோளக் குலுக்கிச் சிரிச்சுக் காட்டிக்குடுத்துடாதே!"