சுமலதா கையில் ஒரு போன்

'ஒவ்வொரு கையிலும் இணையம்' என்ற பேனருக்குக் கீழே, பொன்னேரிப் பக்கத்துக் கிராமமொன்றில், கழுத்து தெரியாத அளவுக்கு மாலை போட்டுக்கொண்டு சிறப்பு விருந்தினர் முழங்குகிறார். பந்தலோரம் பதிவு முகாம் மேஜைமுன் சுமலதா நிற்கிறாள். அவள் அறுத்த நெல் ரோட்டோரம் குவிந்து கிடக்கிறது. ஆன்லைனில் பதியாமல் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். வானம் கருத்துக்கொண்டு வருகிறது. "ஓடிபி சொல்லும்மா" என்கிறான் கம்ப்யூட்டர்முன் தணிகைவேல். "அது எங்க ஊட்டுக்காரர் போனுக்குப் போயிருக்கும் நைனா. ஊட்டுக்கே அது ஒண்ணுதான். அவுரு கும்மிடிப்பூண்டி கம்பெனில கீறாரு. போனை கேட்டாண்டயே வாங்கி வச்சிக்கினு, ஷிப்ட் முடிஞ்சாதான் தருவாங்க." "அப்ப சாயந்திரமா வா." "அதை மழையாண்ட சொல்லு." அதற்குள் போட்டோக்காரர் அவளைக் கைப்பிடித்து இழுக்காத குறையாக மேடையேற்றுகிறார். விருந்தினரின் பளபளக்கும் போன் அவள் கையில் திணிக்கப்படுகிறது. "போனைப் பாத்துக்கினே சிரிம்மா, நெல்லு வித்த மாரி!" அவள் பல்லைக் காட்டுகிறாள். படம் எடுத்ததும் போனைப் பிடுங்கிய உதவியாளர், அவள் விரல் பட்ட இடத்தைக் கைக்குட்டையால் இரண்டு முறை துடைத்து விருந்தினரிடம் நீட்டுகிறார். முதல் தூறல் விழுகிறது. "வானமே நம்மை வாழ்த்துகிறது!" என்கிறார் விருந்தினர் மைக்கில். பந்தல் கைதட்டுகிறது. சுமலதா நெல்லை நோக்கி ஓடுகிறாள்.